மைக்செட்டுக்கு ஒரு நல்ல வீடு

என் குரலை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். வங்கிக்கோ மின்சார அலுவலகத்துக்கோ ஃபோன் செய்தால், மனிதர் யாராவது எடுப்பதற்கு முன்னால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு பெண் சொல்வாள் இல்லையா? அது நான்தான். நிறையப் பேர் என்னைத் திட்டியிருப்பார்கள். எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் திட்டுவார்கள், எனக்கும் கேட்காது, ஆகவே யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

என்னைக் கூப்பிட்டு வேலை தருவது குரல் இனிமைக்காக இல்லை. அதில் பதற்றம் இல்லாததற்காக. எரிந்து விழத் தயாராக இருக்கிற ஆளைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்க அப்படி ஒரு குரல் வேண்டும். நேற்று நீங்கள் வெளியே போகும்போது, "என்ன இவங்க, கல்லு மாதிரி பேசறாங்க" என்று உங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கல் இல்லை. தொழில்.

நீங்கள் அக்காவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. அக்கா எப்படிச் செத்தாள், அப்போது நான் எங்கே இருந்தேன் என்பதுதான் கேள்வி. ஆனால் பூனையிலிருந்து ஆரம்பித்தால்தான் கோவையாக வரும். பூனைக்கு ஒரு நல்ல வீடு பார்த்துக் கொடுத்தேன். நான் செய்ததெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

பூனை என்னுடையது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அக்காவின் பூனை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மழை நாளில், மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்க் குழாய்க்குப் பின்னாலிருந்து நான் எடுத்து வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு. ஆனால் அது போட்ட சத்தத்தில் மூன்று மாடியிலும் கதவு திறந்தது. அக்காவுக்கு அப்போது பேச்சு இருந்தது. "பாத்தா சுண்டைக்காய், வாயைத் திறந்தா மைக்செட்டு" என்றாள். அதுவே பெயராக நின்றுவிட்டது.

அக்காவின் குரல் மட்டும் லேசுப்பட்டதா? பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கிற வேலை அவளுக்கு. அவள் ஒரு குரல் கொடுத்தால் கேட்டைத் தாண்டிப் போய்விட்ட பஸ்ஸும் நின்றுவிடும் என்பார்கள். அம்மா போன பிறகு அந்தக் குரல்தான் எங்கள் வீட்டைத் தாங்கியது. அண்ணன் வெளியூரோடு போய்விட்டான். எனக்குத் திக்குவாய்.

அதிலும் எல்லா எழுத்தும் இல்லை, 'வ' ஒன்றுதான். ஓர் எழுத்துதானே என்று தோன்றும். சொல்லிப் பாருங்கள். வேண்டும் என்பது அதில்தான் தொடங்குகிறது, வேண்டாம் என்பதும் அதில்தான். வலிக்கிறது, வருகிறேன், விடு எல்லாமே அதுதான். கடைக்குப் போனால் வெங்காயம் கேட்க முடியாமல் உருளைக்கிழங்கோடு திரும்புவேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு என்னை இழுத்துப் போய் அவளே கேட்பாள். பள்ளிக்கூடத்தில் அவள் பேசினாள், டாக்டரிடம் அவள் பேசினாள். எனக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால், அக்கா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். நான் குறை சொல்லவில்லை. பெற்ற தாய்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

ஆளில்லாத இடத்தில் எனக்குத் திக்காது என்று கண்டுபிடித்தவர் ஓர் ஒலிப்பதிவுக்காரர். அவர்தான் மைக் முன்னால் என்னை உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்க வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது அக்கா. "அவ எங்கயும் வரமாட்டா. அவளுக்கு இங்கதான் சரிப்படும்" என்றாள். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். 'வர்றேன்' என்று சொல்ல வாயைத் திறந்து 'வ'வில் நின்றுகொண்டிருந்தேன். அவர் எனக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதவில்லை.

அக்கா மனதறிந்து கெடுதல் செய்யவில்லை. எனக்காகப் பேசிப் பேசி, எனக்கு என்ன வேண்டும் என்பது தனக்குத்தான் தெரியும் என்று அவளுக்குப் பழகிவிட்டது.

அப்புறம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. குளியலறை வாசலில் சரிந்தாள். வலது பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு. டிப்போவையே ஆட்டிவைத்த வாயிலிருந்து ஓர் எழுத்து வரவில்லை. முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, என்னைப் பார்த்து வாயைத் திறந்து எதிலோ நின்றுகொண்டிருந்தாள். எந்த எழுத்து என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே அழுதேன்.

நான் வேலை செய்வது அடுத்த அறையில், சுவரோடு சேர்ந்த துணி அலமாரிக்குள். உள்ளே பழைய மெத்தையையும் போர்வைகளையும் ஆணியடித்து, ஒரு முக்காலி, ஒரு மைக், காதில் ஹெட்ஃபோன். கதவைச் சாத்தினால் உலகம் அடங்கிவிடும். சாத்துவதற்கு முன்னால், "அக்கா, ஒரு குரல் குடு, வந்துடறேன்" என்பேன். அவள் நன்றாக இருந்த காலத்திலிருந்தே அப்படிச் சொல்லித்தான் பழக்கம். கதவுக்குள்ளிருந்து சொல்வதால் 'வ' தடுக்காது. அவளுக்குப் பேச்சு போன பிறகும் வாய் தவறி அதையே சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. போய்ப் பார்த்தால் அக்காவின் கண்ணோரத்தில் நீர் இறங்கியிருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'ஒரு குரல் குடு' என்பதற்கு வேறு வார்த்தை இருக்கிறதா? நான் அதையேதான் தொடர்ந்து சொன்னேன்.

கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண், கட்டிலில் ஒரு மணி கட்டச் சொன்னாள். கட்டினேன். அக்காவால் அதைப் பிடிக்க முடியவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் மணி கட்டிலில் கட்டியிருந்தது, வேலையை மைக்செட் எடுத்துக்கொண்டது.

யாரும் பழக்கவில்லை. அக்காவின் இடது கையில் ஒரு மோதிரம் உண்டு. அதைக் கட்டில் கம்பியில் தட்டுவாள். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அலமாரிக்குள் எனக்குக் கேட்காது. காலடியில் சுருண்டு கிடக்கும் மைக்செட் உடனே எழுந்து வந்து, அலமாரிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தும். நான் கதவைத் திறக்கும்வரை கத்தும். திறந்ததும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடக்கும். அக்காவுக்குத் தண்ணீர் தேவைப்படும், அல்லது படுக்கை நனைந்திருக்கும். ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தாலும் தட்டுவாள். சும்மா தட்டியதும் உண்டு. நான் வந்து நின்றால் கண்ணால் சிரிப்பாள். பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிற பழைய சந்தோஷம்.

என் பூனை கட்சி மாறிவிட்டது. பூனையை வாயில்லா ஜீவன் என்கிறார்கள். எங்கள் வீட்டில் வாயில்லா ஜீவன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு ஆர்டர் தருகிற கம்பெனி மேனேஜர் முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மேடம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மியாவ்னு வருது. பேங்க்குக்கு ஃபோன் பண்ணினா பூனை எடுக்குதுன்னு ஜனங்க சொல்லப் போறாங்க." அடுத்த முறை சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த முறை, வேறு ஒரு பெண்ணின் குரலையும் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். நல்ல மனுஷிதான். மாடியேறி வந்து, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா இது பூனையா இல்ல பொதுக்கூட்டமா? என் தலை வெடிக்குது" என்றார். நான் பதில் சொல்ல முயன்றேன். நான் முடிக்கும்வரை காத்திருக்க அவருக்கும் முடியவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி பொறுமை யாருக்கும் வராது, நீ தெய்வம்மா" என்றார். தெய்வத்துக்கு மாற்றாக ஒரு நாள் உட்கார யாரும் வருவதில்லை, பார்த்திருக்கிறீர்களா? கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். என்னால் முடியவில்லை, அக்காவை நீ கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று சொல்லத்தான் செய்தேன். 'அண்ணா, வந்து' என்று தொடங்கினேன், இரண்டாவது வார்த்தையே 'வ'வில் வந்து நின்றது. அண்ணன் ரொம்ப நேரம் கேட்க மாட்டான். "சரி சரி, புரியுது. பூனை தொல்லைதானே? கீழ்வீட்டு டீச்சரும் சொன்னாங்க. பேசாம அதை எங்கயாவது கொண்டு விட்டுடு. அக்காவை நீ பாத்துப்பே, எனக்கு அந்தக் கவலையே இல்ல" என்றான். ஃபோன் வைத்த பிறகு அலமாரிக்குள் போய் உட்கார்ந்து, அவனிடம் சொல்ல நினைத்ததை மைக்கில் முழுதாகச் சொன்னேன். ஒரு தடங்கல் இல்லை, மிகத் தெளிவாக வந்தது. கேட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

ஆகவே பூனைக்கு வீடு பார்க்க ஆரம்பித்தேன். ஏனோதானோவென்று பார்க்கவில்லை. மீன் கடைப் பக்கம் விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு, நான் அப்படிப்பட்டவள் இல்லை. முதலில் மருந்துக்கடைக்காரர் வீட்டில் கொடுத்தேன். பைக்குள் கட்டித் திரும்பக் கொண்டுவந்தார். "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒவ்வொரு அறையா போய் யாரையோ தேடித் தேடிக் கத்துது. குழந்தை பயந்து போச்சு" என்றார். பையைப் பிரித்ததும் மைக்செட் என்னைத் தாண்டிக்கொண்டு அக்காவிடம் ஓடியது. அக்கா அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, நான் சொல்ல வருவது அதில்லை. பார்வையிலும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் கடிகாரக்காரர் அகப்பட்டார். இரண்டு தெரு தள்ளி, மாடியில் தனியாக இருக்கிறார். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவருக்கு மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. காது சுத்தமாகப் போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். காது கேளாதவருக்குக் கத்துகிற பூனை. ஜாடிக்கேற்ற மூடி என்று நினைத்தேன். அங்கே இன்னொரு வசதியும் இருந்தது. நான் 'வ'வில் நின்றால் அவர் பொறுமையாக உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சொல் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மைக்செட் அவர் மேசை மேல் ஏறி, பிரித்துப் போட்டிருந்த பற்சக்கரங்களை முகர்ந்தது. அவர் அதன் தொண்டையில் விரலை வைத்தார். கத்தும்போது அதிர்வதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "நல்லா பேசுது" என்றார். பிறகு, "உங்க அக்காவோட பூனைன்னு சொன்னாங்களே, அவங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"வேண்டாமாம். அவங்களுக்கு இப்ப பூனை வேண்டாமாம்" என்றேன்.

நான் என்ன சொன்னேன் என்பதைவிட, எப்படிச் சொன்னேன் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. ஒரு மனிதருக்கு முன்னால் நின்றுகொண்டு, 'வ' என்று தொடங்கி, தடுக்காமல் முடித்துவிட்டேன். அக்காவுக்காக நான் பேசுவது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. அவள் இத்தனை வருடம் எனக்காகப் பேசியதில் என்ன சுகம் கண்டாள் என்று அப்போது புரிந்தது.

அன்று வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அக்காவிடம், "நல்ல வீடா பாத்துக் குடுத்திருக்கேன் அக்கா. அவர் நல்லா பாத்துப்பார்" என்றேன். அக்கா கட்டில் கம்பியில் தட்டினாள். டிக். காலடியைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். பிறகு நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு வேலைக்குப் போனேன். கதவைச் சாத்துமுன், "ஒரு குரல் குடு, வந்துடறேன்" என்றேன். பழக்கம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. தண்ணீர், சாப்பாடு, துணி மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அந்தந்த நேரத்துக்கு. நேரத்துக்கு என்றால் என் நேரத்துக்கு. இடையில் தாகம் எடுத்தால் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். யாருக்குத்தான் காத்திருக்க வேண்டியதில்லை? மணியை அவிழ்த்து மேசை மேல் வைத்துவிட்டேன், அவள் கை பட்டு அது ஆடினால் பதிவில் விழுகிறது. அக்காவின் முதுகில் புண் வந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார் என்றீர்கள். வந்திருந்தது. நான் மருந்து போட்டேன்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பூனை போனதும் உங்க குரல்ல ஒரு தெளிவு வந்திருக்கு மேடம்" என்றார். பெரிய வேலை ஒன்று தந்தார். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்கிறவர்கள் காத்திருக்கும்போது கேட்க வேண்டிய வாசகங்கள். "பதற்றப்படாமல் இருங்கள். நோயாளியின் அருகிலேயே இருங்கள். உதவி வந்துகொண்டிருக்கிறது." எல்லாவற்றையும் பல விதமாகப் பேசிப் பதிவு செய்து தர வேண்டும், அவர்கள் பொருத்தமானதை எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் காலையில் நான் மூன்றாவது வாசகத்தில் இருந்தேன். 'உதவி வந்துகொண்டி' என்னும்போது தொப்பென்று ஒரு சத்தம். அந்தப் பதிவை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், கேட்டும் இருக்கிறீர்கள். ஆகவே கேட்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஹெட்ஃபோன் போட்டிருந்தால் வெளியே கேட்காது என்று அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறான், பாவம். நேர்மாறாகத்தான் இருக்கும். மைக் கேட்பதையெல்லாம் ஹெட்ஃபோன் பெரிதாக்கித் தரும். தரை வழியாக வருகிற சத்தத்தை எந்த மெத்தையும் தடுக்காது. அக்கா மேசைப் பக்கம் கையை நீட்டியிருக்க வேண்டும். தண்ணீருக்காகவோ, மணிக்காகவோ.

சத்தம் விழுந்தால் அந்த வாசகத்தைத் திரும்பச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். திரும்பச் சொன்னேன். "உதவி வந்துகொண்டிருக்கிறது." நன்றாக வந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் கனிவாகச் சொன்னேன்.

அப்போதுதான் டிக் என்று கேட்டது. கட்டில் கம்பியில் தட்டினால் கேட்காதது, தரையில் தட்டினால் கேட்கிறது. அந்த வித்தியாசம் அக்காவுக்குத் தெரிந்திருக்காது, எனக்கே அன்றுதான் தெரியும். டிக். சற்றுப் பொறுத்து, டிக். நான் ஒரு வாசகம் சொல்லி மூச்சு வாங்குகிற இடைவெளியில் அது வந்தது. எழுந்து போகலாம் என்று நினைத்தேன். நிஜமாக நினைத்தேன். அப்புறம், இந்த வாசகத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். முடித்ததும் அடுத்தது சிறியதாக இருந்தது. என் கால் எழவில்லை. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாயில் எனக்கு 'வ' நிற்குமே, அதுபோலக் காலில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 'போ, போ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக அந்த அறைக்கு ஓடின கால்தான், அன்று வரமாட்டேன் என்றது. அக்கா சொன்னாளே, அவள் எங்கேயும் வரமாட்டாள் என்று, அது என் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் நீங்கள் அதைக் காரணமாக எழுதிக்கொள்வீர்கள். வேண்டாம். அது நினைவுக்கு வரவில்லை. எதுவுமே நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அதுவரை பதிவானதைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். சத்தம் திரையில் அலையாகத் தெரியும். என் குரல் மலை மாதிரி ஏறி இறங்கும், நடுவில் சமவெளி. சமவெளியில் முள் மாதிரி ஏதாவது குத்திக்கொண்டு நின்றால் அது வேண்டாத சத்தம். ஒவ்வொரு முள்ளாகத் தேடி வெட்டி எடுத்தேன். சில முட்கள் என் குரலுக்கு அடியிலேயே கிடந்தன. அவற்றை எடுப்பது கடினம், வாசகம் காயப்படாமல் எடுக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். டீச்சர் சொன்னது சரி, பொறுமையில் என்னை மிஞ்ச ஆளில்லை. அன்று செய்ததுபோல் சுத்தமாக நான் எப்போதும் செய்ததில்லை. சுத்தம் செய்யாத பதிவை அழிக்க மறந்துவிட்டேன். அதுதான் இப்போது உங்களிடம் இருக்கிறது.

கடைசிப் பகுதியில் முட்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாகிக்கொண்டே போயிற்று. வேலை சுலபமாகிறது என்றுதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் வாசலில் மைக்செட் கத்தியது. எந்த வழியாக வந்ததோ, உடம்பெல்லாம் தூசி, ஒரு காதில் கீறல். கதவைப் பிறாண்டிக் கத்திக்கொண்டிருந்தது. மதியம் டீச்சர் தூங்குகிற நேரம். அவர் படியில் நின்று, "வந்துட்டான் உங்க மைக்செட்டு. மறுபடியும் ஆரம்பமா?" என்றார். நான் கதவைப் பாதி திறந்தேன். அது என் காலுக்கிடையில் நுழைந்து உள்ளே ஓடப் பார்த்தது. பிடித்துவிட்டேன். கையில் பிடித்தபோது அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது என் முகத்தைப் பார்த்துக் கத்தியது. பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்துக் கத்தியது. என்ன சொல்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாஷை எங்கள் மூன்று பேருக்கும்தான் தெரியும்.

கூடையில் வைத்து மூடி, கடிகாரக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தெரு முழுக்கக் கத்திக்கொண்டே வந்தது. அவர் கூடையைத் திறந்து, அது வாசலுக்கு ஓடி ஓடித் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தார். "இது சும்மா கத்தற பூனை இல்லம்மா. யாரையோ கூட்டிட்டுப் போகப் பாக்குது. வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெளிவாகப் புரியும்படி, "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றேன். அப்போதும் 'வ' தடுக்கவில்லை, அதற்கப்புறம் இன்றுவரை தடுக்கவில்லை.

ஜன்னலையும் சாத்தி வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி வந்துவிடும் என்றும் சொன்னேன். அவர் சாத்தினார். திரும்பி வரும்போது அவசரப்படாமல்தான் நடந்தேன். வெயில் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அலமாரிக்குள் போய், மிச்சமிருந்த வாசகங்களைப் பதிவு செய்தேன். அவற்றில் சுத்தம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அக்காவின் அறைக்குப் போனேன். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில், ஒரு கன்னம் தரையில் பட்டபடி கிடந்தாள். மோதிரம் இருந்த விரல் மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்தது. நான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தேன். காத்திருக்கச் சொன்னார்கள். இன்னும் பழைய குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு நன்றாக இல்லை.

மறுநாள் காலையில் பூனையைக் கையில் ஏந்திக்கொண்டு கடிகாரக்காரர் வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார். அவர்தான் உங்களிடம் வந்து சொன்னார் என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மைக்செட்டைத் தொடர்ந்து அவரே வைத்துக்கொள்வதாகச் சொன்னாராமே, அது ஒன்று போதும். அவர் வீட்டில் அது எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.

விழுந்த பிறகு மதியம் தாண்டியும் அக்காவுக்கு உயிர் இருந்தது, அப்போதே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. விழுந்தது தெரியும், தட்டியது தெரியும், பூனை எதற்கு வந்தது என்று தெரியும். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நேற்று கேட்டீர்கள். எங்கள் பூனை கண்ணை மூடவே இல்லை.

ஆனால் என்னைக் கொலைகாரி என்று எழுதும்போது, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் அலமாரிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் நான் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அன்று காலையிலும் சொன்னேன், பதிவின் தொடக்கத்தில் அது இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை நான். அக்கா ஒரே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், வந்திருப்பேன்.